கைமாற்று கேட்ட புரட்சி

1871 மார்ச் 20, திங்கட்கிழமை. பாரிசின் வ்ரில்லியேர் தெருவிலிருந்த பிரான்ஸ் வங்கிக்குச் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் இருவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் யூஜின் வர்லேன், 31 வயது, புத்தக பைண்டர். மற்றவர் பிரான்சுவா ஜூர்து, 27 வயது, கணக்கெழுதிப் பிழைத்தவர்.

இரண்டு நாள் முன்னால்தான் பாரிஸ் இவர்கள் கைக்கு வந்திருந்தது. மோன்மார்த்ர் குன்றில் மக்கள் காவல் படை வைத்திருந்த பீரங்கிகளை விடிவதற்குள் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பிரான்சின் ஆட்சித் தலைவர் தியேரின் அரசு படை அனுப்பியதையும், பீரங்கிகளை இழுக்க வேண்டிய குதிரைகள் நேரத்துக்கு வராததையும், பெண்கள் சூழ்ந்துகொண்டபோது சிப்பாய்கள் சுட மறுத்ததையும், இரண்டு தளபதிகள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டதையும் போன வாரம் பார்த்தோம். தியேர் வெர்சாய்க்கு ஓடிவிட்டார். மந்திரிகளும் பின்னாலேயே போனார்கள். வங்கி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் காவல், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த சில நூறு வங்கி ஊழியர்கள்.

ஊரையே பிடித்தவர்கள் அந்த வங்கியின் ஆளுநர் ரூலானிடம் போய், 10 லட்சம் பிராங்க் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் கொடுத்தார். இவர்கள் ரசீது எழுதிக் கொடுத்தார்கள்.

புரட்சிகளின் வரலாற்றில் இப்படி ஒரு கைமாற்று வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பணம் எதற்கு என்று பார்த்துவிடலாம். காவல் படையினரின் அன்றாடப் படி 30 சூ, அதாவது ஒன்றரை பிராங்க். பிரஷ்யப் படை நான்கு மாதத்துக்கு மேல் நகரை முற்றுகையிட்டதில் பட்டறைகள் மூடிக்கிடந்தன. பூனையும் எலியும் கறியான காலம் அது. மிருகக்காட்சிசாலை யானைகள்கூட இறைச்சிக் கடைக்குத்தான் போயின. தச்சர், கொல்லர், தையல்காரர் வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த 30 சூவால்தான். போர் முடிந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய சபையில் முடியாட்சிக்காரர்களே பெரும்பான்மை. ஒத்திவைத்திருந்த கடன்களைக் கட்டு, வாடகை பாக்கியைக் கட்டு என்று அது நெருக்கியது. வறுமையை நிரூபித்தால்தான் படி என்றும் சொன்னது. பீரங்கி விவகாரம் வெறும் தீக்குச்சி. வைக்கோல்போரை அடுக்கிவைத்தது இந்தச் சட்டங்கள்தான்.

மார்ச் 26-ல் தேர்தல். 28-ல் நகரமன்றக் கட்டடத்தின் முன், கம்யூன் என்று பெயர் கொண்ட அந்தப் புரட்சி ஆட்சியின் பிரகடனம். அடுத்து வந்த வாரங்களில் கம்யூன் செய்தவை கொஞ்சமல்ல. மூன்று தவணை வீட்டு வாடகையைத் தள்ளுபடி செய்தது. அரசையும் திருச்சபையையும் பிரித்தது. ரொட்டிக் கடைகளில் ராத்திரி வேலையை ஒழித்தது. முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய பட்டறைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. கில்லட்டினைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நெப்போலியனின் வெற்றித் தூணான வாந்தோம் தூணைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள்.

தூணைச் சாய்த்தவர்கள் ஒரு இரும்புக் கதவைத் தொடத் தயங்கினார்கள். ஏன்?

பதிலின் ஒரு பகுதி, சார்ல் பெஸ்லே என்ற 75 வயதுக் கிழவர். கம்யூன் உறுப்பினர்களில் மூத்தவர் அவரே. பொறியாளர், ஒரு காலத்தில் தொழிற்சாலை நடத்தியவர். சொத்தே திருட்டு என்று எழுதிய புருதோனின் நண்பர். திருடப்பட்டதைத் திருப்பி எடுப்போம் என்று புருதோனும் சொல்லவில்லை, பெஸ்லேயும் சொல்லவில்லை. நியாயமான கடன், நியாயமான பண்டமாற்று என்பதுதான் அவர்களின் கனவு. இவரைத்தான் வங்கிக்கான பிரதிநிதியாகக் கம்யூன் அனுப்பியது.

ஆளுநர் ரூலான் மார்ச் 23-ல் வெர்சாய்க்குப் போய்விட, வங்கியைக் கவனித்துக்கொண்டவர் துணை ஆளுநர் மார்க்விஸ் த ப்ளோக். பழைய பிரபு வம்சம், நல்ல பேச்சுக்காரர். பெஸ்லே வந்ததும் அவர் எதிர்க்கவில்லை. இது பிரான்சின் சொத்து, இதைக் காப்பாற்ற எனக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கிழவர் உருகிவிட்டார். வங்கிக்குள்ளேயே அவருக்கு ஓர் அறையும் கிடைத்தது. அதன் பிறகு வங்கிக்குள் கம்யூனின் ஆள் என்பதைவிட, கம்யூனுக்குள் வங்கியின் ஆள் என்று அவரைச் சொல்லலாம். மே 12-ல் ஆயுதம் தேடுகிறோம் என்று காவல் படையினர் வங்கியைச் சூழ்ந்தபோது ஓடிவந்து அவர்களைத் திருப்பி அனுப்பியதும் பெஸ்லேதான்.

உள்ளே என்ன இருந்தது? கம்யூனில் போரிட்டுத் தப்பி, பிறகு அதன் வரலாற்றை எழுதிய லிசாகரே ஒரு பட்டியல் தருகிறார். நாணயமாக 7 கோடியே 70 லட்சம் பிராங்க். நோட்டாக 16 கோடியே 60 லட்சம். வணிக உண்டியல்கள் ஏறத்தாழ 90 கோடிக்கு. பத்திர வைப்புகள் 90 கோடி. அச்சடித்து முடித்து, காசாளர் கையெழுத்துக்காக மட்டும் காத்திருந்த நோட்டுகள் 80 கோடி. இதரங்களைச் சேர்த்தால் 300 கோடியைத் தொடும். ஜெர்மனி கேட்ட போர் இழப்பீடே 500 கோடிதான் என்பதை வைத்து இதன் கனத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த 300 கோடியின் வாசலில் நின்று, ஆட்சி செய்த 72 நாளில் கம்யூன் வாங்கியது சுமார் 1 கோடியே 67 லட்சம். அதிலும் 94 லட்சம் பாரிஸ் நகராட்சியின் கணக்கில் ஏற்கெனவே இருந்த சொந்தப் பணம். உண்மையான கடன் 73 லட்சம்தான். அதே காலத்தில் அதே வங்கி, பாரிசைச் சுட்டுப் பிடிக்கப் படை திரட்டிய வெர்சாய் அரசுக்குக் கொடுத்தது 25 கோடியே 76 லட்சம்.

பெஸ்லேயை அசடு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் வாதத்தில் சாரம் இருந்தது. போர் தொடங்கியதுமே, 1870 ஆகஸ்டில், நோட்டைக் கொடுத்துத் தங்கம் வாங்கும் உரிமையை அரசு நிறுத்திவைத்திருந்தது. அதன் பிறகு நோட்டு செல்லுபடியானது நம்பிக்கையால் மட்டுமே. வங்கியை உடைத்தால் மறுநாள் காலை அந்த நோட்டு வெறுங்காகிதம். காவல் படைக்காரர் மனைவி அதைக் கொண்டுபோனால் ரொட்டிக்காரர் வாங்க மாட்டார் என்று கிழவர் பயந்தார். பயம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கெல்ஸ் 20 ஆண்டு கழித்து, 1891-ல், வேறொரு கோணத்தைச் சொன்னார். பணத்தைச் செலவழிக்க வேண்டாம், வங்கியைக் கையில் வைத்திருந்தாலே போதும். 10,000 பணயக் கைதிகளைவிட அது பெறுமானம் உள்ளது. பிரெஞ்சு முதலாளிகளே வெர்சாயை நெருக்கிச் சமாதானத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. இதில் ஒரு கசப்பான நியாயம் உண்டு. கம்யூன் பாரிஸ் பேராயர் தர்புவாவையே பணயமாகப் பிடித்து வைத்திருந்தது. சிறையிலிருந்த பழம்பெரும் புரட்சியாளர் பிளாங்கியை விட்டால் இவரை விடுகிறோம் என்றது. தியேர் மறுத்துவிட்டார். பேராயரின் உயிரை விலையாகக் கொடுக்க வெர்சாய் தயங்கவில்லை. உண்டியல்களையும் பத்திரங்களையும் அப்படிக் கைவிட்டிருக்குமா?

எனக்குப் படுவது வேறு. வெர்சாய்ப் பத்திரிகைகள் கம்யூன்காரர்களுக்குச் சூட்டியிருந்த பட்டம் திருடர்கள், கொள்ளைக்காரர்கள். பைண்டர்களும் நகைத் தொழிலாளிகளும் கணக்குப்பிள்ளைகளும் நிறைந்த அந்தக் கூட்டத்துக்கு அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. தாங்கள் திருடர்கள் அல்ல என்று காட்டுவதே அவர்களுக்குப் பாதி ஆட்சியாகிவிட்டது. எந்த அதிகாரிக்கும் ஆண்டுக்கு 6,000 பிராங்குக்கு மேல் சம்பளம் கிடையாது என்று விதித்துக்கொண்டார்கள். நிதிப் பொறுப்பில் இருந்த ஜூர்து மலிவான சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டார். அவர் மனைவி முன்போலவே துணி துவைத்தார். மே 2-ல் ஜூர்து வைத்த கணக்கில் ஏப்ரல் முடிய வரவு 2 கோடியே 60 லட்சம், செலவு 2 கோடியே 51 லட்சம். அதில் 2 கோடி போருக்கே போயிருந்தது. சுற்றிலும் குண்டு விழும்போது வரவு செலவைப் பைசா சுத்தமாக ஒப்பிக்கும் நிதிமந்திரி!

அடகுக்கடை ஆணையையும் பாருங்கள். பாரிசில் அடகுத் தொழில் நகரப் பொது நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. முற்றுகைக் காலத்தில் மெத்தை, போர்வை, தையல்காரியின் கத்தரிக்கோல் எல்லாம் அங்கே போய்விட்டன. 20 பிராங்குக்கு உட்பட்டு அடகு வைத்த துணிமணி, படுக்கை, புத்தகம், தொழில் கருவிகளை இலவசமாகத் திருப்பிக் கொடு என்று மே 6-ல் கம்யூன் உத்தரவிட்டது. கத்தரிக்கோல் இல்லாத தையல்காரிக்கு அது எவ்வளவு பெரிய சேதி என்று நம் ஊர் அடகுக்கடை வாசலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் அதே சுபாவம்: அந்த நிறுவனத்துக்கு நட்டம் வரக்கூடாதே என்று வாரத் தவணையில் ஈடுகட்ட ஒப்புக்கொண்டார் ஜூர்து.

மே 21, ஞாயிறு. காவலில்லாத மேற்கு வாசல் வழியாக வெர்சாய்ப் படை உள்ளே நுழைந்தது. அடுத்த ஒரு வாரம் தெருத் தெருவாகச் சண்டை. சரணடைந்தவர்களையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பேராயர் தர்புவாவை 24-ல் கம்யூன் தரப்பு சுட்டது. துய்லெரி அரண்மனை எரிந்தது, நகரமன்றம் எரிந்தது, நிதியமைச்சகம் எரிந்தது. வங்கிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பலே ருவாயால் அரண்மனையிலும் தீ. வங்கி மட்டும் சேதமில்லாமல் நின்றது. அந்த வாரம் செத்தவர்கள் ஆறேழாயிரம் என்று எண்ணும் ஆய்வாளர்களும் உண்டு, 20,000-க்கு மேல் என்பவர்களும் உண்டு.

பெஸ்லேக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. வெர்சாய் அரசே அனுமதிச் சீட்டுக் கொடுத்து அவரைச் சுவிட்சர்லாந்துக்கு வழியனுப்பியது. 1878-ல் நோஷாத்தேல் ஊரில் காலமானார். ஜூர்துவை நாடு கடத்தி நியூ கலிடோனியாவில் கொண்டுபோய் விட்டார்கள். 1874-ல் அங்கிருந்து படகேறித் தப்பிய ஆறு பேரில் அவரும் ஒருவர். அந்தக் கதை அடுத்த வாரம்.

வர்லேன் கடைசித் தடுப்பரண்வரை நின்று போரிட்டார். மே 28 மதியம் தெருவோரம் களைத்து உட்கார்ந்திருந்தவரைப் பாதிரியார் ஒருவர் அடையாளம் கண்டு ஓர் அதிகாரியிடம் சொன்னார். கைகளைக் கட்டி, கூட்டம் அடித்துக்கொண்டே வர, மோன்மார்த்ர் குன்றின் தெருக்களில் இழுத்துப்போனார்கள். மார்ச் 18-ல் அந்த இரண்டு தளபதிகள் சுடப்பட்ட தெருவிலேயே அவரையும் சுட்டார்கள். அவரிடமிருந்து எடுத்தவற்றை அதிகாரி பட்டியலிட்டு அறிக்கை எழுதினார். பெயர் எழுதிய ஒரு பணப்பை. ஒரு பேனாக்கத்தி. 284 பிராங்க் 15 சான்டீம். சக பைண்டர்கள் முன்பு அவருக்குப் பரிசளித்த ஒரு வெள்ளிக் கடிகாரம்.

கடிகாரத்தை அந்த அதிகாரி தானே வைத்துக்கொண்டார்.

(தொடரும்)