கல்லறைப் பெயர்கள் சூழ்ந்த பாறை

வட வேல்ஸின் லான்பெரிஸ் கணவாய் வழியே போகும் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால், சரிவுக்கு மேலே ரயோலைட் பாறை ஒன்று செங்குத்தாக நிற்பது தெரியும். அதன் பெயர் டினாஸ் க்ரோம்லெக். பழைய வெல்ஷ் வழக்கில் டினாஸ் என்றால் கோட்டை. க்ரோம்லெக் என்பது நம் ஊர்க் கல்திட்டையைப் போன்ற பெருங்கற்கால ஈமச்சின்னம். மலையின் பெயரிலேயே ஒரு கல்லறை இருக்கிறது.

பாறையேறிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடத்தில் முதலில் ஏறி முடித்தவர்தான் அதற்குப் பெயர் வைப்பார். வழிகாட்டி நூலில் அச்சேறியதும் அந்தப் பெயர் நிலைத்துவிடும்.

இங்கே முதலில் பெயர் வைத்தவர்களில் மென்லவ் எட்வர்ட்ஸ் முக்கியமானவர். லிவர்பூலில் மருத்துவம் படித்து, பின்னாளில் மனநல மருத்துவரானவர். 1931-இல் அவர் ஏறிய தடங்கள் 'ஸ்பைரல் ஸ்டேர்ஸ்', 'ஃப்ளையிங் பட்ரஸ்': ஒன்று சுழற்படிக்கட்டு, மற்றது தேவாலயச் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் வளைவு. கண்ணில் பட்ட வடிவத்தையே பெயராக்கிய காலம் அது. 1947-இல் பீட்டர் ஹார்டிங் ஏறிய தடத்துக்கு 'ஐவி செபல்கர்' என்று பெயர். படர்கொடி மூடிய கல்லறை! க்ரோம்லெக்கின் ஈமச்சாயல் தடங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

பாறையின் நடுவே, விரித்து நிறுத்திய புத்தகம் போல இரண்டு வழுவழுப்பான சுவர்கள் சந்திக்கும் மூலை ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 120 அடி. 1948-இல் மான்செஸ்டர் இளைஞர் ஜோ பிரௌன் அதில் ஏறிப் பார்த்தார். தாயார் கழித்துப்போட்ட துணிக்கொடிக் கயிற்றை வைத்துக்கொண்டு பாறையேற்றம் பழகியவர் அவர். மேலே போராடிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த சுத்தியல் நழுவி, கீழே கயிற்றைப் பிடித்திருந்த நண்பரின் தலையில் விழுந்தது. முயற்சி அத்துடன் நின்றது.

1951-இல் அவர் திரும்பி வந்து ஏறியது மூலையில் அல்ல, அதன் வலப்பக்கச் சுவரின் விளிம்பில். உடன் வந்தவர் சால்ஃபோர்டைச் சேர்ந்த பிளம்பர் டான் வில்லன்ஸ். பிரௌனும் குழாய் வேலை, கட்டட வேலை பார்த்தவர்தான். வாரம் முழுக்க உழைத்துவிட்டு வார இறுதியில் மலைக்கு வரும் இத்தகைய இளைஞர்கள் அந்த ஆண்டு மான்செஸ்டரில் தொடங்கிய சங்கம்தான் 'ராக் அண்ட் ஐஸ்'. ஊர் திரும்பும் வழியில், செஸ்டர் நகரில் ஒரு பேருந்தின் ஊர்ப்பலகை அவர்கள் கண்ணில் பட்டது: 'செமட்ரி கேட்ஸ்', இடுகாட்டு வாசல். புதுத் தடத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

மறு ஆண்டு, டக் பெல்ஷாவுடன் வந்து மூலையையும் ஏறி முடித்தார் பிரௌன். பிளவுக்குள் கையைத் திணித்து, முறுக்கி இறுக்கிப் பிடிமானம் தேடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாறையில் ஆணி அடிப்பதிலும் கட்டுப்பாடு வைத்திருந்தார்: ஒரு கயிற்று நீள ஏற்றத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது. அந்த மூலைதான் 'செனடாஃப் கார்னர்'. முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக லண்டன் வைட்ஹாலில் 1920-இல் எழுப்பிய வெற்றுக் கல்லறையின் பெயரும் செனடாஃப்தான். 1955-இல் பிரௌன், ஜார்ஜ் பேண்டுடன் கஞ்சன்ஜங்காவின் முதல் ஏற்றத்தையே முடித்தார்.

அடுத்த தலைமுறை மூலையை விட்டுச் சுவர்களின் நடுப்பகுதிக்கு நகர்ந்தது. 1974-இல் பீட் லிவ்ஸி ஏறிய தடத்தின் பெயர் வெறும் 'ரைட் வால்', வலப்பக்கச் சுவர். எட்வர்ட்ஸ் காலத்துக்கே திரும்பியது போன்ற பெயர். ஏற்றமோ அன்றைய பிரிட்டனின் மிகக் கடினமானவற்றில் ஒன்று. அதே சுவரில் 1979-இல் ரான் ஃபாசெட் கண்ட தடத்துக்கு, வில்லியம் கோல்டிங் நாவலின் தலைப்பான 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' பெயராயிற்று. அந்த ஏற்றத்தைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார்கள். கணவாய்ப் பக்கமே வராதவர்களும் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.