ஆறு தோட்டாவும் ஒரு தகடும்

பழைய கௌபாய் படங்கள்ல ஹீரோவோட ரிவால்வர்ல தோட்டாவே தீராது. எண்ணிட்டே வந்தீங்கன்னா பதினாறாவது வில்லன் குதிரையிலேர்ந்து விழுந்துட்டு இருப்பான். நிஜத்துல ஆறு சுட்டா அவ்வளவுதான், நின்னு நிரப்பணும். ஓடிக்கிட்டே பல இலக்குகளைச் சுடற ப்ராக்டிகல் ஷூட்டிங் போட்டிகள்ல ரிவால்வரோட கதை முழுக்க அந்த நிரப்பற நேரத்தைச் சுத்தியே நடந்திருக்கு. துப்பாக்கி மேட்டர்னு ஓடிடாதீங்க மக்களே, உள்ளே ஒரு நல்ல இன்ஜினியரிங் கதை இருக்கு :-)

கதை 1917-ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் ஏப்ரல்ல அமெரிக்கா முதல் உலகப்போர்ல குதிச்சுது. ராணுவத்தோட கைத்துப்பாக்கி 1911 மாடல் பிஸ்டல், ஆனா தேவைக்கு ஏத்த வேகத்துல செய்ய முடியலை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரெண்டு கம்பெனிகிட்டயும் பெரிய ரிவால்வர் செய்யற வசதி தயாரா இருந்துச்சு. சரி, அதையே பிஸ்டலோட .45 தோட்டாவைச் சுடற மாதிரி மாத்திக் குடுங்கன்னு கேட்டாங்க.

இங்கதான் சிக்கல். ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில வெளியே நீட்டின விளிம்பு இருக்கும். சுட்டு முடிச்சதும் அந்த விளிம்பைப் பிடிச்சுத்தான் காலிக் கூட்டை வெளியே தள்ளும். பிஸ்டல் தோட்டாவுக்கு அப்படி நீட்டின விளிம்பே கிடையாது. தள்ளறதுக்குப் பிடி இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதுக்குக் கண்டுபிடிச்ச வழி, அரை நிலா வடிவத்துல ஒரு மெல்லிய எஃகுத் தகடு. ஒரு தகட்டுல மூணு தோட்டா மாட்டும், ரெண்டு தகடு போட்டா ஆறு. தகட்டைத் தள்ளினா கூடுகளும் சேர்ந்து வெளியே வந்துடும். ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஏறத்தாழ 3 லட்சம் ரிவால்வர் இப்படிச் செஞ்சாங்க. பற்றாக்குறைக்குப் போட்ட ஒட்டு வேலை. நம்ம பாஷையில சொன்னா, ரிலீஸுக்கு முந்தின ராத்திரி போடற பேட்ச்!

போர் முடிஞ்சதும் அந்தத் தகட்டைத் தொந்தரவா நினைச்சவங்களும் உண்டு. 1920-ல பீட்டர்ஸ் கம்பெனி, தகடே தேவைப்படாத மாதிரி விளிம்பு வெச்ச .45 ஆட்டோ ரிம் தோட்டாவைக் கொண்டு வந்துச்சு. அந்தத் தொந்தரவுக்குள்ள ஒரு வேகம் ஒளிஞ்சிருந்தது போட்டிகள் வந்தப்புறம்தான் முழுசாத் தெரிஞ்சுது.

1950-கள்ல கலிஃபோர்னியாவோட பிக் பேர்ல ஜெஃப் கூப்பர் நடத்தின 'லெதர்ஸ்லாப்' போட்டிகள்லேர்ந்துதான் இந்த விளையாட்டு முளைச்சுது. அப்பல்லாம் இடுப்பு உயரத்துலேர்ந்து ஒத்தைக் கையால சுடறதுதான் ஸ்டைல். ஜாக் வீவர்ங்கிற லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி போலீஸ்காரர் ரெண்டு கையாலயும் பிடிச்சு, கண்ணுக்கு நேரா தூக்கிக் குறிபார்த்துச் சுட்டு 1959-ல ஜெயிச்சார். 'வீவர் ஸ்டான்ஸ்'னு உலகம் முழுக்கப் பரவின நிலை அதுதான். அவர் கையில இருந்தது கே-38 ரிவால்வர்ங்கிறதைப் பலரும் மறந்துட்டாங்க.

1976-ல மிசௌரி மாநிலத்துல கொலம்பியாவுல கூடி ஐ.பி.எஸ்.சி. அமைப்பைத் தொடங்கினாங்க. துல்லியம், சக்தி, வேகம் மூணையும் சேர்த்து அளக்கணும்ங்கிறது கொள்கை. வாங்கின புள்ளியை எடுத்த நேரத்தால வகுத்தா வர்றது மதிப்பெண். இந்த ஒத்தை வகுத்தல்தான் ரிவால்வரைப் பின்னுக்குத் தள்ளுச்சு. பிஸ்டல்காரர் சர்ர்னு மேகசினை மாத்திட்டுப் போயிட்டே இருப்பார். ரிவால்வர்காரர் நின்னு நிரப்பற ஒவ்வொரு நொடியும் கீழே பகுதியில ஏறும்.

அப்பதான் 1917-ஓட தகடு திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை முழு நிலாவா. ஆறு தோட்டாவும் ஒரே வட்டத் தகட்டுல. ஒரு தட்டு தட்டினா ஆறு காலிக் கூடும் ஒண்ணா விழும், அடுத்த வட்டம் ஒண்ணா இறங்கும். ஜெர்ரி மிக்குலெக் 1999-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625-ஐ வெச்சு ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டார். மொத்தம் 2.99 நொடி. நடுவுல நிரப்பினதும் அதுக்குள்ள அடக்கம். வீடியோ பார்த்தா கை எங்க போச்சுன்னே தெரியாது.

அமெரிக்காவோட யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டியில ரிவால்வர் பிரிவுன்னாலே ரொம்ப வருஷம் 625-தான். காரணம் கணக்கு. குண்டோட எடையை (கிரெய்ன்ல) வேகத்தால (நொடிக்கு எத்தனை அடி) பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 'பவர் ஃபேக்டர்'. அது 165 வந்தா மேஜர், 125 வந்தா மைனர். .45-ல 230 கிரெய்ன் குண்டு 730 அடி வேகத்துல போனாலே 167.9 வந்துடும், ரொம்ப உதைக்காமலே. நடு வட்டத்துல பட்டா ரெண்டு பேருக்கும் 5 புள்ளி. தள்ளிப் பட்டா மேஜருக்கு 4, மைனருக்கு 3.

2014-ல விதி மாறுச்சு. எட்டு தோட்டா ரிவால்வருக்கும் அனுமதி, ஆனா மைனர் புள்ளிதான். பார்த்தா சமமாத்தான் தெரியும். கணக்குப் போடுங்க. களத்தை அமைக்கறவங்க ஒரு இடத்துலேர்ந்து எட்டு சுடற மாதிரி வைக்கறது அங்க சகஜம். எட்டு தோட்டாக்காரர் எட்டையும் சுட்டுட்டு, அடுத்த இடத்துக்கு ஓடும்போதே நிரப்பிடுவார். ஆறு தோட்டாக்காரர் நடுவுல மரம் மாதிரி நிக்கணும். நொடிக்கு 5 புள்ளி எடுக்கற களம்னு வைங்க. நின்னு நிரப்ப 2 நொடி போனா 10 புள்ளி காலி. மேஜர்ங்கிறதால அவருக்குக் கிடைக்கற லாபம், தள்ளிப் பட்ட குண்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு புள்ளி. எட்டுல நாலு தள்ளிப் பட்டாலும் 4 புள்ளிதான். தேறுமா?

ஆன்சைட் போயிருந்தப்ப ஒரு உள்ளூர் போட்டியை வேடிக்கை பார்க்கப் போனேன். 625-ஓட வந்திருந்தவர் ஒரே ஒரு பெரியவர். "ஆறு எண்ணி எண்ணியே கைக்குப் பழகிடுச்சு தம்பி, இப்ப போய் எட்டு எப்படி எண்றது?"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல சொல்லிச் சிரிச்சார். எந்தத் தட்டியோட ஓரத்துல நின்னு நிரப்பணும்னு பல வருஷமா உடம்புல ஏத்தி வெச்ச கணக்கு. விதிப்புத்தகத்துல ஒரு வரி மாறினதும் அதுக்கு மதிப்பு போயிடுச்சு.

1991-ல ரிவால்வருக்குன்னே தொடங்கின ஐகோர் அமைப்பு வேற வழியில போச்சு. அங்க எட்டு தோட்டாவும் உண்டு, ஆறு தோட்டாவுக்குத் தனிப் பிரிவும் உண்டு, தகடே இல்லாத பழைய பாணிக்கும் ஒரு பிரிவு உண்டு. இருக்கற கொஞ்சம் பேரைப் பல பிரிவாப் பிரிச்சா போட்டியே நீர்த்துப் போகும்ங்கிற வாதத்துல நியாயம் இருக்கு. ஆனாலும் என் ஓட்டு ஐகோருக்குத்தான். எட்டைச் சேர்க்கறதுக்காக ஆறைத் துரத்த வேண்டியதில்லை.

இப்ப ஒருத்தர் புதுசா ரிவால்வர் தேர்ந்தெடுத்தா வரிசை இப்படி இருக்கணும்:

1. எந்தப் போட்டின்னு முதல்ல முடிவு பண்ணுங்க. யு.எஸ்.பி.எஸ்.ஏ.ன்னா எட்டு தோட்டா: 627, இல்லைன்னா 2014-ல வந்த 9 மி.மீ. 929. ஐகோர்ல ஆறு தோட்டாப் பிரிவுன்னா 625 இன்னிக்கும் ராஜா.

2. தகடுகள். ஒண்ணு லேசா வளைஞ்சிருந்தாலும் சிலிண்டர் உரசும், ட்ரிக்கர் கல்லு மாதிரி ஆகும். தோட்டா மாட்டின ஒவ்வொரு தகட்டையும் போட்டிக்கு முன்னாடி சிலிண்டர்ல போட்டுச் சுத்திப் பார்க்கணும்.

3. சிலிண்டர் ஓட்டைகளோட விளிம்பைச் சரிவா இழைக்கணும், உருண்டை மூக்குக் குண்டு போடணும். அப்பதான் தேடாம இறங்கும். 627-ல நீளமான மேக்னம் கூட்டுக்குப் பதிலா குட்டியான .38 ஷார்ட் கோல்ட் கூடு போடறதும் இதுக்குத்தான்.

4. ட்ரிக்கர் கடைசியில. ஸ்பிரிங்கைத் தளர்த்தினா விரலுக்குச் சுகம், ஆனா சுத்தியலோட அடியும் மெதுவாகும். தோட்டா அடியில இருக்கற ப்ரைமர் நம்ம தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி, மெதுவாத் தட்டினா வெடிக்காது. அதனால மென்மையான ஃபெடரல் ப்ரைமரா பார்த்து, உள்ள நல்லா அழுத்தி வைப்பாங்க.

பெரும்பாலானவங்க இந்த நாலாவதுலதான் ஆரம்பிக்கறாங்க. ட்ரிக்கரை வெண்ணெய் மாதிரி ஆக்கிட்டு, வளைஞ்ச தகட்டோட போய் முதல் களத்துலயே மாட்டிக்கறாங்க. 1917-ல அவசரத்துக்கு அடிச்ச அந்தத் தகட்டுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை குடுக்கலாம்.