சேமி, அழி: ஒரே மென்பொருளின் பொத்தான்கள் கணினிக்குக் கணினி ஏன் மாறுகின்றன?

கணினித் திரையில் தெரியும் பொத்தானை, அந்த மென்பொருளை எழுதியவரே வரைந்திருப்பார் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பல நேரங்களில் அதை வரைவது விண்டோஸ் அல்லது அப்பிளின் மக் இயங்குதளம். சாதாரண பாவனையில் இது பெரிய விடயமில்லை. ஆனால் ஒரேயொரு பிரதி மட்டும் எஞ்சியிருக்கும் கடதாசியைப் பதிந்து வைக்கும்போது, எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்பதில் மயக்கம் இருக்கக் கூடாது.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கிராம சேவகர் கொடுத்த கடிதம், நீரில் ஊறி மை கரைந்த குடும்ப அட்டை போன்றவற்றை ஸ்கேன் செய்து, விவரங்களைத் தமிழில் தட்டச்சு செய்து பாதுகாக்கும் தொண்டர் குழுவொன்றுக்குச் சில மாதங்களாக உதவி வருகிறேன். இதற்கென ஒரு மாணவர் பைத்தன் மொழியில் சிறிய மென்பொருளொன்றை எழுதித் தந்தார். வெள்ளவத்தையில் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி. அதில் ‘சேமி’ பச்சை, ‘அழி’ சிவப்பு. கொட்டாஞ்சேனையில் இருப்பது அன்பளிப்பாகக் கிடைத்த மக் கணினி. அங்கு வேலை தொடங்கிய அன்றே ஒரு தங்கை தொலைபேசி எடுத்தாள். “அக்கா, பேப்பரில பச்சைப் பட்டனை அமத்தச் சொல்லிக் கிடக்கு. இங்க ரெண்டும் வெள்ளையாத்தான் கிடக்கு.”

அவளுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, மகனின் பாடசாலை விடுகைப் பத்திரத்துடன் காத்திருந்தார்.

பல இயங்குதளங்களில் ஓட வேண்டிய மென்பொருளை எழுதுபவர்கள், பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாவற்றையும் தாங்களே உருவாக்குவதில்லை. அதற்கென உள்ள இடைமுகக் கருவித்தொகுதி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஊரோடு ஒத்து வாழ்வது முதல் வகை: விண்டோஸில் விண்டோஸின் பொத்தானையும் மக்கில் அப்பிளின் பொத்தானையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஜாவா மொழியோடு முதலில் வந்த ஏடபிள்யூடி அப்படிப்பட்டது. எடின்பரோவில் ஜூலியன் ஸ்மார்ட் 1992இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸும் அப்படித்தான். இரண்டாம் வகை எங்கே போனாலும் தன் பொத்தானைத் தானே வரையும். ஜாவாவுக்குப் பின்னர் வந்த ஸ்விங், கூகுளின் ஃபிளட்டர் ஆகியவை இந்த வகை. முதல் வகையில் பாவனையாளருக்குப் பழகிய முகம் கிடைக்கும்; ஆனால் இடத்துக்கு இடம் மாறும். இரண்டாம் வகை எங்கும் ஒன்றாக இருக்கும். ஆனால் கணினியின் மற்ற மென்பொருட்களிடையே அந்நியமாகத் தெரியும்.

எங்கள் மாணவர் பயன்படுத்தியது டிகே. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜோன் ஊஸ்டர்ஹவுட் உருவாக்கிய இது, டிகின்டர் என்ற பெயரில் பைத்தனோடு சேர்ந்தே வருகிறது. இலவசம், கற்பதும் எளிது. ஆனால் இது இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. லினக்ஸில் பொத்தானைத் தானே வரையும். விண்டோஸிலும் நாம் சொன்ன பின்னணி நிறத்தை ஏற்கும். மக்கிலோ பொத்தானை அப்பிளிடம் விட்டுவிடுகிறது. நாம் கொடுக்கும் பின்னணி நிறம் அங்கே எடுபடாது. பிழைச் செய்தியும் வராது. கொட்டாஞ்சேனையில் பச்சையும் சிவப்பும் காணாமற்போனது இப்படித்தான்.

நிறத்தைவிட எனக்குக் கவலை தந்தது உறுதிப்படுத்தல் பெட்டி. ‘இந்தப் பதிவை அழிக்கவா?’ என்று தமிழில் கேட்கலாம். ஆனால் அதன் கீழ் வரும் ‘ஆம்’, ‘இல்லை’ பொத்தான்களை விண்டோஸே தருகிறது. அவை அந்த விண்டோஸின் மொழியிலேயே வரும். விண்டோஸுக்குத் தமிழ் இடைமுகப் பொதி உண்டு, ஆனால் நான் கொழும்பில் கண்ட கணினிகள் அனேகமாக ஆங்கில விண்டோஸில்தான் ஓடுகின்றன. ஆக, கேள்வி தமிழில், பதில் ஆங்கிலத்தில். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய நாட்டில், தமிழர் தமிழருக்காக எழுதிய மென்பொருளிலும் இதுதான் நிலைமை. பொத்தான்களின் வரிசையும் ஒன்றல்ல. சம்மதம் சொல்லும் பொத்தான் விண்டோஸில் இடப்பக்கம் இருக்கும். மக்கில் வழமையாக வலப்பக்கம். இடத்தை மனப்பாடம் செய்து அழுத்துகிறவர் கணினி மாறினால் எதிர்மாறாக அழுத்திவிடுவார்.

அகலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. டிகேயில் பொத்தானின் அகலத்தை எழுத்துக் கணக்கில் கொடுக்கிறோம். ஓர் எழுத்து என்பது அங்கே சுழியத்தின் அகலம். நமது ‘ணை’, ‘ழ’ எல்லாம் அதைவிட அகலமானவை. ‘இரத்துச் செய்’ பாதியில் வெட்டுப்படும். விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்களுக்கும் மக்கின் தமிழ் சங்கம் எழுத்துருவுக்கும் அளவு வேறு என்பதால், ஒன்றில் பொருந்தியது மற்றதில் பொருந்தாது. அகலத்தைக் குறிப்பிடாமல் விட்டால், சொல்லுக்கு ஏற்ப பொத்தான் தானாக விரியும்.

இப்போது குழு செய்திருக்கும் மாற்றங்கள் எளிமையானவை. 2007இல் டிகே 8.5 பதிப்போடு சேர்க்கப்பட்ட டிடிகே என்ற பகுதியில் ‘கிளாம்’ என்றொரு தோற்றம் உண்டு. அதைத் தெரிவு செய்தால் மூன்று இயங்குதளங்களிலும் டிகேயே வரைகிறது, நிறமும் நிற்கிறது. உறுதிப்படுத்தல் பெட்டியை மாணவரே தனியாக எழுதினார். அதில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘பதிவை அழி’, ‘பதிவை வைத்திரு’ என்று முழுச் சொற்கள். அழிக்கப்படும் பதிவும் உண்மையில் அழியாமல் வேறொரு கோப்புறைக்குப் போகிறது. பயிற்சித் தாளிலிருந்து நிறங்களின் பெயர்களை எடுத்துவிட்டார்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்காக இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

லினக்ஸ் மட்டும் இன்னும் தீரவில்லை. பழைய மடிக்கணினிகளில் அதைப் போட்டால் செலவில்லை என்பதால் குழுவுக்கு அது தேவை. ஆனால் அங்கே டிகே 8.6 தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாதது. யுனிகோட்டில் ‘சே’ என்பது முதலில் ச, பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் குறியை முன்னே கொண்டுவருவது வரைகிறவரின் வேலை. அது நடக்காததால் கொம்பு மகரத்துக்கு முன்னால் போய் நின்று, ‘சேமி’ என்பதை வாசிக்கவே முடியாமல் போகிறது. பாமினியில் குறியை முதலில் தட்டச்சு செய்வதால் அங்கும் சரியாகத் தெரியும் என்று ஒரு தொண்டர் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒவ்வொரு பெயரும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யுனிகோட்டில் தேடும் உறவினருக்கு அந்தப் பெயர் ஒருநாளும் கிடைக்காது. எனவே லினக்ஸுக்காக மாணவர் இப்போது கியூட்டி என்ற தொகுதியில் திரையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார். நோர்வேயில் பிறந்த கியூட்டி, ஹார்ப்பஸ் என்ற எழுத்துக் கோப்பு இயந்திரத்தைப் பயன்படுத்துவதால் ‘சே’ அதில் சரியாக வருகிறது.