செப்புக் கம்பி யாருடையது? தொலைபேசி இல்லாத வீட்டுக்கு இணையம் வந்த வரலாறு

1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கைப்பேசியில் அழைத்தார். இந்தியாவில் கைப்பேசியின் தொடக்கம் அந்த உரையாடலிலிருந்தே கணக்கிடப்படுகிறது. பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்த இவ்விரு சேவைகளில் ஒன்று கம்பியை அறுத்துக்கொண்டு வந்தது. மற்றொன்று கம்பியில் கட்டுண்டு வந்தது. இந்திய வீடுகளில் இணையம் பரவிய வரலாறு என்பது ஒருவகையில் அந்தக் கட்டு அவிழ்ந்த வரலாறே.

அன்று தொலைபேசி எளிதில் கிட்டும் பொருளன்று. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பை அரசின் தனியுரிமையாக வைத்திருந்தது. 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தரும் கணக்கின்படி, நாடு முழுவதும் சுமார் 80 லட்சம் இணைப்புகள் இருந்தன. காத்திருப்போர் பட்டியலில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தனர். நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை, 0.8தான். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும், முன்னுரிமை பெறுவதற்காகப் பெரிய தொகையை முன்பணமாகக் கட்டுவதும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகிப்போன செய்திகள்.

இந்த வரிசையைக் கடந்தவர்களுக்கே வீட்டில் இணையம் வாய்த்தது. கணிப்பொறியின் தரவை மோடம் ஒலியாக மாற்றும். அந்த ஒலி தொலைபேசிக் கம்பி வழியே பயணம் செய்யும். இணையக் கட்டணம் தனி, தொலைபேசி அழைப்புக் கட்டணம் தனி. இணையம் ஓடும்போது தொலைபேசி ஒலிக்காது. தொலைபேசியில் பேசும்போது இணையம் கிடையாது. தொலைபேசி இல்லாதவர்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து அமர்ந்தனர். எஸ்.டி.டி. பூத்துகள் தொலைபேசிக்குச் செய்த பணியை அந்தச் சிறு கடைகள் இணையத்துக்குச் செய்தன.

கம்பியின்றி வீட்டை எட்டும் முயற்சியில் சென்னைக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவினரும், மைடாஸ் நிறுவனத்துடன் இணைந்து 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லா அமைப்பை உருவாக்கினர். கோபுரத்திலிருந்து வரும் அலையை வாங்க வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் தொலைபேசிக்கு ஒரு செருகுவாய், கணிப்பொறிக்கு ஒரு செருகுவாய். பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையம் கிடைக்கும். பேசாதபோது 70 கிலோபிட். மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரச் சிற்றூர்களின் இணைய மையங்கள் இந்த அமைப்பைக் கொண்டே இயங்கின. ஒரு வீட்டுக்குச் செம்பு இழுக்கும் செலவே இணைப்பை எட்டாத விலைக்குக் கொண்டுபோகிறது. அந்தச் செலவைக் குறைத்தால் எளியவருக்கும் இணைப்புக் கிட்டும் என்பதே இதன் அடிப்படைக் கணக்கு. கணக்கு சரியானது. ஆனால் கைப்பேசியின் விலை வீழ்ந்த வேகம் இந்த அமைப்பைக் காலத்தில் பின்தள்ளிவிட்டது.

இதற்கிடையே, எந்த அரசுத் திட்டத்திலும் இடம்பெறாத மற்றொரு கம்பி வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. 1991 வளைகுடாப் போரைத் தொடர்ந்து செயற்கைக்கோள் தொலைக்காட்சி பரவியபோது, தெருவுக்கொரு கேபிள்காரர் தோன்றினார். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு, மரத்திலிருந்து மின்கம்பத்துக்கு என அவர் இழுத்த கம்பிகள், தொலைபேசித் துறை நூறாண்டில் எட்டாத வீடுகளைச் சில ஆண்டுகளில் எட்டின. அங்கே காத்திருப்போர் பட்டியல் இல்லை. இவற்றை முறைப்படுத்தும் சட்டமே 1995இல்தான் வந்தது. 1998 நவம்பரில் இணையச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டபோது, கேபிள் தொலைக்காட்சிக் கம்பிகள் வழியே இணையம் வழங்கவும் இடமளிக்கப்பட்டது.

ஆயினும் அந்தக் கம்பி ஒருவழிப் பாதை. படத்தை வீட்டுக்குக் கொண்டுவரும். வீட்டிலிருந்து எதையும் திருப்பி அனுப்பாது. அதை இருவழியாக்கப் பெருமுதலீடு வேண்டும். பல கேபிள்காரர்கள் வேறு வழி கண்டனர். அலுவலகக் கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியையே மாடி மாடியாக இழுத்து, படிக்கட்டு மூலையில் ஒரு சுவிட்சுப் பெட்டியை மாட்டினர். நூறு மீட்டருக்கு ஒரு பெட்டி தேவை. மின்சாரம் போனால் இணையமும் போகும். இடி இடித்தால் பெட்டி கருகும். இருந்தும், தொலைபேசி எண்ணைக் கேட்காமல் இந்திய வீடுகளுக்குள் வந்த முதற்பெரும் இணையம் அதுவே. பெருநிறுவனங்களும் இந்தக் கேபிள்காரர்களின் தோளில் ஏறித்தான் நகரங்களில் வாடிக்கையாளரைச் சேர்த்தன.

இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மையைக் குறிப்பிட வேண்டும். மனிதக் குரலைக் கடத்தச் செப்புக் கம்பியில் ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களே போதும். அதற்கு மேலுள்ள இடம் வெறுமையாகக் கிடக்கும். டி.எஸ்.எல். தொழில்நுட்பம் அந்த வெற்றிடத்தில் தரவை அனுப்புகிறது. ஆகவே அதற்குத் தேவை கம்பி மட்டுமே. தொலைபேசிச் சேவை அன்று. குரலே ஓடாத கம்பியிலும் அது இயங்கும். பல நாடுகளில் தொலைபேசியற்ற டி.எஸ்.எல். தனிச் சேவையாக விற்கப்பட்டது. தொலைபேசி இருந்தால்தான் இணையம் என்ற நிபந்தனையை விதித்தது இயற்பியல் அன்று, கம்பியின் உடைமை.

இந்தக் கேள்வி இந்தியாவில் 2004இல் நேராக எழுந்தது. அரசு நிறுவனங்களின் செப்புக் கம்பிகளை, கட்டணம் பெற்றுக்கொண்டு, பிற இணைய நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான அகலக்கற்றைக் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. விரும்பினால் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. இதற்கு ஒரு நியாயமும் உண்டு. அந்தக் கம்பிகள் பொதுப்பணத்தில் போடப்பட்டவை. ஆதாயமில்லாத ஊர்களுக்கும் போனவை. திறந்துவிட்டால் போட்டியாளர்கள் செழிப்பான தெருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அரசு நிறுவனத்தின் தலையில் விட்டுவிடுவர் என்ற அச்சம் பொருளற்றதன்று.

ஆனால் காலம் அந்த நியாயத்துக்காகக் காத்திருக்கவில்லை. கைப்பேசி இணைப்புகள் தரைவழி இணைப்புகளை எண்ணிக்கையில் முந்தியதும் அதே 2004இல்தான். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் அகலக்கற்றைச் சேவையை 256 கிலோபிட் வேகத்தில் தொடங்கியபோது, ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. கைப்பேசி வந்ததும் லேண்ட்லைனை ஒப்படைத்த குடும்பங்கள், இணையத்துக்காக அதையே மீண்டும் கேட்டு விண்ணப்பித்தன. எவரும் அழைக்காத ஒரு கருவி கூடத்தில் அமர்ந்தது. மாத வாடகை மட்டும் ஓடியது. அளவற்ற பயன்பாடு நள்ளிரவுக்குப் பின் 2 மணி முதல் காலை 8 மணி வரை மட்டும் என்ற திட்டங்களால், கணிப்பொறியை விழிக்கவைத்துவிட்டு வீடு உறங்கிய காலம் அது.

2010க்குள் 2 கோடி அகலக்கற்றை இணைப்புகள் என்பது அந்தக் கொள்கையின் இலக்கு. எட்டியது சுமார் 1.1 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காரணத்தை வெளிச்சமிட்டது. ஏறத்தாழ 24.7 கோடிக் குடும்பங்களில் தரைவழித் தொலைபேசி இருந்தவை 10 சதவீதம் மட்டுமே. கைப்பேசி மட்டும் இருந்தவை 53 சதவீதம். இணையத்தோடு கணிப்பொறி இருந்தவை 3.1 சதவீதம். நாட்டின் பெரும்பகுதி கம்பியைத் தாண்டிப் போய்விட்டது. கொள்கையோ கம்பியின் முனையிலேயே நின்றுகொண்டிருந்தது.

கட்டு இறுதியில் அவிழ்ந்தது எந்த ஆணையாலும் அன்று, செம்பே பயனிழந்ததால். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கேபிள் வழியிலும் ஈதர்நெட் வழியிலும் வளர்ந்த நிறுவனங்கள் ஒளியிழைக்கு மாறின. அரசு நிறுவனமும் மாறியது. 2019இல் ஜியோவின் ஒளியிழைச் சேவை வந்தபோது, இணையம் வாங்குவோருக்குத் தொலைபேசி இலவச இணைப்பாகச் சேர்ந்து வந்தது. தொலைபேசி வைத்திருந்தவருக்கு இணையம் என்றிருந்த முறை, இணையம் வைத்திருப்பவருக்குத் தொலைபேசி என்று தலைகீழானது. 2020இல் சுமார் 2 கோடியாகச் சுருங்கிய தரைவழித் தொலைபேசிகள் 2024இல் 3.3 கோடியைத் தாண்டியதன் பின்னணி இதுதான்.

எனினும் பழைய கேள்வி உருமாறி நிற்கிறது. கம்பிவழி அகலக்கற்றை இணைப்புகள் 2024இல் 4 கோடியளவே. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி வீட்டுக்குள் வந்தபோது, ஒரே கைப்பேசியின் தரவைப் பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளே மிகுதி. சில அடுக்ககங்களில் ஒரே நிறுவனத்தின் ஒளியிழைக்கு மட்டும் வாயில் திறக்கிறது. குடியிருப்பவருக்குத் தெரிவு இல்லை. ஆந்திரம் மின்கம்பங்களில் ஒளியிழை இழுத்து மாதம் 149 ரூபாய்க்கு இணையம் வழங்க முனைந்ததும், கேரளம் 2023இல் கே-ஃபோனைத் தொடங்கி 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காக வைத்ததும் வேறொரு விடையைத் தேடும் முயற்சிகள்: கம்பி பொதுவுடைமையாக இருக்கட்டும், சேவையை எவரும் வழங்கட்டும் என்பது அந்த விடை.

அந்த முயற்சிகள் எத்தனை வீடுகளை எட்டுகின்றன என்பதை இனிவரும் ஆண்டுகள் காட்டும். முப்பது ஆண்டு வரலாறு காட்டுவது இவ்வளவே: வீட்டு வாசலில் வந்து நிற்கும் கடைசி நூறு மீட்டர்க் கம்பி எவர் கையில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு இணையம் எப்போது, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையோடு வரும் என்பதை அவரே முடிவு செய்கிறார். செம்பு ஒளியிழையாக மாறியபோதும் அது மாறவில்லை.