குருயேரும் மூர்ட்டனும்

சுவிட்சர்லாந்து போகும் நம்மவர்கள் நேராகப் பனிமலைக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். பழைய ஊர் பார்க்க ஒரு நாள் மிஞ்சினால் அதிகம். அந்த நாளை ஃப்ரிபூர் மாநிலத்தில் கழிக்க நினைப்பவர், மதில் சூழ்ந்த இரண்டு சிற்றூர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். குருயேர் குன்றின் மேல் இருக்கிறது, பிரெஞ்சு பேசுகிறது. மூர்ட்டன் ஏரிக்கரையில், பெரும்பாலும் ஜெர்மன், கொஞ்சம் பிரெஞ்சு.

படம் பிடிக்கக் குருயேர்தான். கல் பாவிய ஒரே அகன்ற தெரு, அதன் கடைசியில் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, பின்னணியில் 2,002 மீட்டர் உயர மொலேசோன் சிகரம். ஆனால் வாசலுக்கு வாசல் உணவகமும் நினைவுப்பொருள் கடையும்தான். இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி எழாமல் இராது. தெருவோரத்தில் ஒரு கல்லைப் பலர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். பெரிதும் சிறிதுமாகக் குழிகள் குடைந்த அந்தக் கல்லில்தான் அந்தக் காலத்தில் தானியம் அளந்தார்கள். நம் மரக்காலைக் கல்லில் செதுக்கி, யாரும் திருத்த முடியாதபடி தெருவிலேயே நட்டுவைத்த மாதிரி.

அளவில் இவ்வளவு கறாராக இருந்த ஊரின் பிரபுக்களுக்குக் கணக்கு மட்டும் கைவரவில்லை. கடைசிப் பிரபு மிஷேல் 1554-இல் கடனில் மூழ்கித் திவாலானார். கடன் கொடுத்திருந்த பெர்னும் ஃப்ரிபூரும் மறு ஆண்டே அவர் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. கோட்டைக்குப் பக்கத்தில் 1998 முதல் கீகர் அருங்காட்சியகம் இருக்கிறது. 'ஏலியன்' படத்தின் அகோர உயிரினத்தை வரைந்தவருடையது. பழைய ஊருக்குள் இது எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பொம்மை மாடும் மணியும் விற்கும் கடைகளுக்கு அது எவ்வளவோ மேல் என்பேன்.

குருயேரின் உயிர் குன்றுக்குக் கீழே இருக்கிறது. பிரான்ஷி ரயில் நிலையத்தின் எதிரிலேயே சீஸ் செய்வதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். செப்புக் கொப்பரையில் காய்ச்சாத பால் திரிகிறது. கம்பி கட்டிய சட்டங்கள் சுழன்று திரிந்த பாலைப் பொடிப்பொடியாக அறுக்கின்றன. பிறகு அதை 57 டிகிரி வரை சூடாக்கி அச்சில் அழுத்துகிறார்கள். 35 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்குச் சுமார் 400 லிட்டர் பால். அதன் பின் மாதக்கணக்கில் நிலவறை வாசம். கொஞ்சம் தள்ளி ப்ரோக்கில் 1898-இல் தொடங்கிய கையே சாக்லேட் ஆலை.

மூர்ட்டனில் இதெல்லாம் தலைகீழ். இங்கே பார்க்க வேண்டியது ஊர்தான். மரக்கூரை வேய்ந்த மதில் மேல் காசு கொடுக்காமல் நடக்கலாம். ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் ஏரி. காலடியில் யார் வீட்டுக் கொல்லையோ, தோட்டமோ. 1416-இல் எரிந்துபோன ஊரைக் கல்லால் மறுபடி கட்டினார்கள். கடைத்தெருவில் வளைவு வைத்த நடை இருப்பதால் மழையிலும் நனையாமல் போகலாம். அங்கே ரொட்டி வாங்க வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

இந்த மதிலுக்கு ஒரு போரும் சொந்தம். 1476-இல் பர்கண்டியின் கோமகன் சார்லஸ் ஊரை முற்றுகையிட்டார். ஆட்ரியன் ஃபொன் பூபன்பெர்க் தலைமையில் உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஜூன் 22 அன்று சுவிஸ் கூட்டுப்படை வந்து விழுந்தது. ஏரிக்கும் ஈட்டிக்கும் நடுவே சிக்கிய பர்கண்டி வீரர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். குருயேர்ப் பிரபுவும் அன்று சுவிஸ் பக்கம் நின்றவர். அந்தப் போரில் கைப்பற்றிய மேலங்கிகள் மூன்று இன்று குருயேர்க் கோட்டையில்தான் இருக்கின்றன. மூர்ட்டன் வென்றது, கொள்ளைப்பொருளைக் காட்டிக் கட்டணம் வாங்குவது குருயேர்!

மூர்ட்டனின் சுற்றுப்புறம் குருயேரைப் போல மலைக்க வைக்காது. ஏரியின் மறுகரையில் வூலி குன்று, அதன் சரிவில் திராட்சைத் தோட்டம்; தெற்கே அவான்ஷில் ரோமானியர் கட்டிய வட்ட அரங்கு. வடக்கே பரந்த காய்கறி வயல் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 1868-க்குப் பிறகு ஆறுகளைத் திருப்பி ஏரிகளைச் சுமார் இரண்டரை மீட்டர் இறக்கியதால் கிடைத்த மண் அது.

எனவே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மூர்ட்டனுக்குப் போங்கள். குழந்தைகள் உடன் வந்தால் குருயேர் சரி. ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்குவதற்கு முன்பே மேலே ஏறிவிடுங்கள், சீஸும் சாக்லேட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.