‘எஏ’ எங்கிருந்து வந்தது?

மின்பிரதியில் ஒரு பத்திக்கு நடுவே ‘எஏ’ என்று இரண்டு எழுத்துகள் நின்றன. சில பக்கம் தள்ளி ‘உஉ’. இன்னொரு கோப்பில் ஒரு சொல் ‘ப்ப’ என்று தொடங்கியது. மூலமான அச்சுநூலின் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன். இவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை.

அயோத்தியாப்பட்டணத்தில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு சேர்ந்து பழைய அச்சுநூல்களைத் தட்டச்சு செய்து வருகிறேன். அவர்கள் அடிப்பார்கள், நான் மெய்ப்புப் பார்ப்பேன். ஓலையைப் பார்த்துப் படியெடுத்த காலத்துப் பிழைகள் எனக்குப் பழக்கமானவை. ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளில் கண் ஒன்றைத் தாண்டிவிடும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதினால் ளகரமும் ழகரமும் இடம் மாறும். ‘எஏ’ கண்ணால் வந்த பிழையாகவும் தெரியவில்லை, காதால் வந்ததாகவும் தெரியவில்லை. அப்படியானால் விரலால் வந்திருக்க வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு எழுத்துகளைத் திருப்பிப் படித்தேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தளக்கோலம் அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அதில் எ இருக்கும் இடத்தில் ஆங்கில ‘ஜி’, ஏ இருக்கும் இடத்தில் ‘டி’. உ இருப்பது ஆங்கில ‘டீ’யின் மேல், அதாவது ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து. ப இருப்பது ‘ஜே’. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைப்பது தமிழ்99-இன் வசதி. ஆகவே ‘ப்ப’ என்பது ‘ஜே’யை இரண்டு முறை அடித்த கை.

மாணவர்கள் அடிப்பது விம் என்னும் உரைத்தொகுப்பியில். அதைப் பயன்படுத்துபவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. எழுதும் நிலை, கட்டளை நிலை என்று விம்முக்கு முக்கியமான இரண்டு நிலைகள் உண்டு. எஸ்கேப் அடித்துக் கட்டளை நிலைக்கு வந்துவிட்டால் எழுத்துகளெல்லாம் ஏவல்கள். ‘ஜே’ அடித்தால் ஒரு வரி கீழே. நான்காம் எழுத்தை இரட்டித்தால் வரியே போய்விடும். ‘ஜி’யும் ‘டி’யும் அடுத்தடுத்து அடித்தால், திறந்திருக்கும் கோப்புகளில் அடுத்த டேபுக்குத் தாவும். எஸ்கேப் அடிக்க மறந்தால் ஏவல் எழுத்தாகி உரையில் விழும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இந்தப் பிழையைச் செய்கிறார்கள். தமிழில் விழும்போது அது ‘எஏ’ ஆகிவிடுகிறது.

ஆனால் மறதி என்று முடித்துவிட முடியாத அளவுக்கு இவை அதிகமாக இருந்தன. அடித்த மாணவியைக் கேட்டேன். “எஸ்கேப் அடிச்சாலும் தமிழ் ஆன்ல இருந்தா டேப் மாறவே மாட்டேங்குதுங்க சார். அடிச்சோமா இல்லையான்னே தெரியாமப் போயிடுது” என்றார். அவர் சொன்னது சரி. கட்டளை நிலையில் இருக்கும் விம்மிடம் ‘எ’ என்று கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது, சும்மா இருக்கும். எஸ்கேப் விழுந்தாலும் விழாவிட்டாலும் வேலை நடக்கவில்லை என்றால், கை எதை நம்பிப் பழகும்?

அதே மாணவி நோட்பேடில் எழுதும்போது கன்ட்ரோலோடு டேப் விசையை அழுத்துகிறார். தமிழ் ஆனில் இருந்தாலும் கோப்பு மாறிவிடுகிறது. விம்மில் ஏன் அப்படி வைக்கவில்லை? இதைத் தேடித்தான் பழைய கையேடுகளுக்குள் போனேன். நல்லவேளையாகக் கணினி உலகத்தின் பழைய ஆவணங்களை யாரோ பொறுமையாக ஸ்கேன் செய்து வலையில் போட்டு வைத்திருக்கிறார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் உட்கார்ந்தபடியே அவற்றைப் புரட்ட முடிந்தது.

விம்மில் டேப் வந்தது 2006 மே மாதம் வெளியான 7.0 பதிப்பில். உருவாக்கியவர் நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார், 2023-இல் மறைந்தார். அவர் வகுத்ததல்ல இந்தக் கட்டளை நிலை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976 வாக்கில் எழுதிய ‘விஐ’ என்ற தொகுப்பியிலிருந்து வந்தது. அவர் பயன்படுத்திய முனையம் லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ. அதன் விசைப்பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடுகிறது. தனி அம்புக்குறி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என்று அம்பு வரைந்திருக்கிறது. இன்று டேப் இருக்கும் இடத்தில், ‘கியூ’வுக்குப் பக்கத்தில், எஸ்கேப் இருக்கிறது. சுண்டுவிரல் சற்றே நீண்டால் எட்டிவிடும். நம் விசைப்பலகையில் அது மூலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. மாணவர்களின் விரல் எஸ்கேப்பைத் தவறவிடுவதற்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கீழே போக ‘ஜே’ என்று ஏன் வைத்தார்கள்? இதற்கு 1963-இல் முதலில் வெளியான ஆஸ்கி குறிமுறைக்குப் போக வேண்டும். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். கன்ட்ரோல் விசை என்பது அந்த எண்ணிலிருந்து 64-ஐக் கழிக்கும் விசை, அவ்வளவுதான். பெரிய ‘எச்’ 72. கழித்தால் 8, ஓரிடம் பின்னால் போ. ‘ஜே’ 74. கழித்தால் 10, அடுத்த வரிக்குப் போ. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ‘ஐ’ 73. கழித்தால் 9. அந்த 9-தான் டேப். டெலிடைப் 33 இயந்திரத்தின் ‘ஐ’ விசைத் தலையிலேயே டேப் என்று பொறித்திருப்பதைப் படத்தில் பார்க்கலாம்.

விம்மில் ஏன் அப்படி வைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை இந்தக் கழித்தலில் இருந்தது. டேப் ஏற்கெனவே 9. 64-ஐக் கழிக்க அதில் ஒன்றுமில்லை. கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினாலும் பழைய முனையத்திலிருந்து அதே 9-தான் கிளம்பும். தொகுப்பிக்கு வித்தியாசமே தெரியாது. முனையத்தின் வழியாக ஓடும் விம் இன்றும் பெரும்பாலும் அந்தக் குறிகளைத்தான் கேட்கிறது. அதனால்தான் டேப் தாவ ‘ஜி-டி’ என்ற எழுத்து ஏவலைக் கொடுத்தார்கள் போலும். நோட்பேடு வேறு வம்சம். விண்டோஸ் எண்ணைக் கேட்பதில்லை, எந்த விசை அமுங்கியது என்று கேட்கிறது. கன்ட்ரோல் அமுங்கியிருக்கும்போது டேப் அமுங்கினால் அதற்குத் தனியே தெரியும். தமிழ் ஆனில் இருக்கிறதா என்பதும் அதற்குப் பொருட்டில்லை, ஏனென்றால் டேப் விசையில் தமிழெழுத்து எதுவும் கிடையாது.

சரி, டேப் விசையின் வேர் எங்கே? அயோத்தியாப்பட்டணத்திலேயே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அதைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் இன்னும் இயந்திரத்தில் பழகுகிறார்கள். இரண்டாம் தாளில் ஸ்டேட்மென்ட் என்று ஓர் அட்டவணை வரும். நடத்துகிற அம்மா ஒரு பழைய ஃபேசிட்டில் தாள் சுற்றிக் காட்டினார். முதலில் பழைய ஸ்டாப்புகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பத்தி தொடங்கும் இடத்துக்கும் கேரேஜை நகர்த்தி ஸ்டாப் வைக்க வேண்டும். அதன்பின் டேப்பை அழுத்தினால் கேரேஜ் சரசரவென்று ஓடி, வைத்த இடத்தில் டக்கென்று நிற்கிறது. “டேப் அடிச்சா கேரேஜ் தாண்டும், எழுத்து விழாது தம்பி” என்றார். பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பல்வரிசை போன்ற சட்டத்தில், நாம் வைத்த ஸ்டாப்புகள் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

பக்கத்தில் இருந்த தமிழ் இயந்திரம் இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டியது. ‘க்’ அடிக்க அதில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். புள்ளி விழும், கேரேஜ் நகராது. பிறகு க அடித்தால் அதே இடத்தில் க விழுந்து கேரேஜ் நகரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா, சிங்கப்பூர் பக்கம் போன இரா. முத்தையா, ஜெர்மனியின் பிஜோ இயந்திரத்தில் தமிழ்த் தட்டச்சை அமைத்தபோது செய்த வழி இந்த நகரா விசை. டேப் எழுதாமல் நகர்கிறது, புள்ளி நகராமல் எழுதுகிறது. எழுதுவதும் நகர்வதும் தனித்தனி வேலைகள் என்பதைத் தமிழ்த் தட்டச்சு கற்றவர்களின் விரல் கணினிக்கு முன்பே அறிந்திருந்தது. விம்மின் இரண்டு நிலைகளை இன்ஸ்டிட்யூட்டில் படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

அட்டவணைக்கு வந்த விசை கோப்புகளுக்கு இடையே தாவும் விசையானதற்கும் ஒரு நடுக்கண்ணி இருக்கிறது. 1971-இல் வந்த ஐபிஎம் 3270 முனையத்தில் திரையே ஒரு படிவம். பெயர், எண், தொகை என்று கட்டங்கள். டேப் அடித்தால் அடுத்த கட்டம். 1987-இல் ஐபிஎம் வெளியிட்ட பொதுப் பயனர் அணுகல் விதிகளில் இந்தப் பழக்கம் இடம்பெற்று, விண்டோஸுக்கும் வந்தது. ஒரு நிரலுக்குள் பல கோப்புச் சாளரங்கள் திறக்கத் தொடங்கியபோது கன்ட்ரோலோடு சேர்ந்த டேப் அவற்றுக்கிடையே தாவியது. நோட்பேடுக்கு டேப்கள் 2023-இல்தான் கிடைத்தன. தாவும் விசை அதற்கு முன்பே பழகியிருந்தது.

இனித் தமிழுக்கு என்ன வழி? கட்டளை ஆங்கில எழுத்தில், உரை தமிழ் எழுத்தில் என்றால் ஒவ்வொரு ஏவலுக்கும் தமிழை அணைத்து மறுபடி போட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய சுமை. நம் மொழியில் எழுதுவதற்காக யாரும் இப்படிக் கைமாறிக்கொண்டே இருக்கக் கூடாது. விம்மோடு வரும் கோப்புறைகளைத் துழாவியபோது ‘தமிழ்_டிஸ்கி’ என்ற விசைவரைபடக் கோப்பு கிடைத்தது. தலைப்பில் யேகப்பன் லட்சுமணன் பெயர். விம் வளர்ச்சியில் நீண்டகாலம் உழைப்பவர். விசைவரைபடம் என்பது விம்முக்குள்ளேயே இருக்கும் மொழிமாற்றி. எழுதும் நிலையில் மட்டும் தமிழ் தரும், எஸ்கேப் அடித்ததும் விலகிக்கொள்ளும். நமக்கு வேண்டியது இதுதான். ஆனால் அந்தக் கோப்பு யூனிகோடு பரவலாவதற்கு முந்திய டிஸ்கி குறிமுறைக்கு எழுதியது, இன்றைய கோப்புகளில் அப்படியே உதவாது. ஈமேக்ஸ் தொகுப்பியில் நிலைமை மேல்: அதன் உள்ளீட்டு முறைகளில் தமிழ்99 இருக்கிறது. விம்மில் வேற்றெழுத்தை ஏவலாகப் படிக்கவைக்கும் ‘லாங்மேப்’ என்ற அமைப்பும் உண்டு. உதவிப் பக்கத்தில் அதற்கு எடுத்துக்காட்டு கிரேக்கத்தில் இருக்கிறது. வெளியே ஓடும் தமிழ் உள்ளீட்டு நிரல் அடுத்த விசைக்காக எழுத்தைப் பிடித்து வைத்திருந்தால் இது சரிவர நடக்காது.

அதனால் பழைய டிஸ்கிக் கோப்பின் வடிவத்தைப் பார்த்துத் தமிழ்99-க்குப் புதிதாக ஒன்று எழுதத் தொடங்கினோம். வரிக்கு ஓர் இணை. இடப்பக்கம் ‘எச்’, வலப்பக்கம் க. அடுத்த வரியில் ‘எச், எஃப்’ என்றால் க். ‘எச், கியூ’ என்றால் கா. இரட்டிப்புக்கும் ங்க, ஞ்ச போன்ற இணைவுக்கும் தனி வரிகள் வேண்டும், கோப்பு நீண்டுகொண்டே போகிறது. ஆனால் எஸ்கேப் அடித்து ‘ஜி-டி’ கொடுத்தால் டேப் மாறுகிறது. மாறாவிட்டால் எஸ்கேப் விழவில்லை என்று கைக்கு உடனே தெரிகிறது.

ஏற்கெனவே விழுந்த பிழைகளைத் தேட இலக்கணம் உதவியது. சொல்லின் இடையில் தனி உயிர் வராது என்பதால் ‘எஏ’வும் ‘உஉ’வும் எளிதில் சிக்கின. முன்னால் க இருந்தால் எ அதோடு ஒட்டிக் ‘கெ’ ஆகிவிடும். அப்போதும் ஏ தனியே நின்று காட்டிக்கொடுக்கும். செய்யுள் பகுதியில் மட்டும் நிதானம் வேண்டும். ‘தழீஇ’ போன்ற அளபெடைகளில் முதலெழுத்துக்குப் பின்னும் தனி உயிர் வருவது முறை, கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் பாட்டுக் கெடும். மெய்யில் தொடங்கும் சொற்களைத் தேடியதில் ‘ப்ப’, ‘ம்ம’ எல்லாம் வந்துவிட்டன.

சிக்காதவை ஒற்றை எழுத்துகள். எச், ஜே, கே, எல் ஆகிய நகர்த்தும் விசைகளில் தமிழ்99 வைத்திருப்பது க, ப, ம, த. இவற்றில் ஒன்று சொல்லுக்கு முன்னால் தவறி விழுந்தால் கல் பகலாகிவிடும், கரம் மகரமாகும், வளை தவளையாகும், வலை கவலையாகும். எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள், எந்தத் தேடலும் இவற்றைப் பிழை என்று சொல்லாது. ஆகையால் அந்தக் கோப்புகளை மட்டும் முதல் பக்கத்திலிருந்து அச்சுநூல் படத்தோடு மறுபடி ஒப்புநோக்கி வருகிறோம். ஒருவர் வாசிக்க, ஒருவர் திரையைப் பார்க்க.