செயுத்தாவில் தொடங்கி செந்தூர்க் கரை வரை

ஐரோப்பாவின் பழைய போர்களைப் பற்றிப் படிக்கிற கிறுக்கு எனக்குக் கல்லூரி நாட்களில் பிடித்தது. ஹேஸ்டிங்ஸ் 1066, அஜின்கோர்ட் 1415, கான்ஸ்டான்டிநோபிள் 1453 என்று வருஷங்களை ஒப்பிப்பேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நாழிக்கிணற்றுப் பக்கம் உட்கார்ந்து அஜின்கோர்ட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேற்றில் சிக்கிய பிரெஞ்சு வீரர்கள், அம்பு மழை, எல்லாம் விலாவாரியாக. கேட்டு முடித்த நண்பன் கடலைப் பார்த்துக்கொண்டே, "சரி வே, இதுக்கும் நமக்கும் என்ன இருக்கு?" என்றான்.

அஜின்கோர்ட்டுக்கும் நமக்கும் ஒன்றுமே இல்லை. ஆனால் அதே 1415-ல், அதற்கு இரண்டு மாதம் முன்னால், இன்னொரு சண்டை நடந்தது. ஆகஸ்ட் 21 அன்று போர்ச்சுகல் அரசர் முதலாம் ஜோவான், தன் மகன்களோடு கப்பலில் போய், வட ஆப்பிரிக்கக் கரையில் செயுத்தா என்ற துறைமுகத்தைப் பிடித்தார். ஒரே நாளில் முடிந்துபோன சண்டை. போர் வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. போர்ச்சுகீசியர் கடல் கடந்து பிடித்த முதல் இடம் அதுதான். அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரையோரமாகவே இறங்கி வந்தவர்கள், 1498-ல் கோழிக்கோட்டில் நின்றார்கள். 1530-களில் நம் முத்துக்குளித்துறைக்கே வந்துவிட்டார்கள்.

வந்ததற்குக் காரணம் முத்து. சலாபத்தில் யாருக்கு உரிமை என்று பரதவர்களுக்கும் கடலோர முஸ்லிம் வணிகர்களுக்கும் தகராறு முற்றியிருந்த நேரம். பரதவர்கள் பாதுகாப்புக் கேட்டுக் கொச்சிக்குப் போனார்கள், போர்ச்சுகீசியர் கப்பல் அனுப்பினார்கள், கரையோர ஊர்கள் கிறிஸ்தவத்துக்கு மாறின. 1542-ல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் அவர் நினைவு இன்றும் இருக்கிறது.

இனி ஐரோப்பாவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1568-ல் ஸ்பெயினுக்கு எதிராக நெதர்லாந்துக்காரர்கள் கலகத்தைத் தொடங்கினார்கள். எண்பதாண்டுப் போர் என்று பெயர். நடுவில் 1580-ல் போர்ச்சுகலும் ஸ்பெயின் அரசரின் கைக்குள் போய்விட்டது. எதிரியின் சொத்து எங்கே இருந்தாலும் அடிக்கலாம் அல்லவா? 1602-ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசியாவில் இருந்த போர்ச்சுகீசியக் கோட்டைகள் எல்லாம் குறியாகிவிட்டன. 1640-ல் காலி, 1641-ல் மலாக்கா என்று ஒவ்வொன்றாக விழுந்தன.

1640-லேயே போர்ச்சுகல் ஸ்பெயினை உதறிவிட்டுத் தனியாகப் போய்விட்டது. (செயுத்தா மட்டும் கூட வரவில்லை. ஸ்பெயினோடே நின்றுகொண்டது. இன்றைக்கும் அது ஸ்பெயின் நகரம்தான்.) அடுத்த வருஷம் டச்சுக்காரர்களும் போர்ச்சுகீசியரும் பத்து வருஷ சமாதானம் எழுதிக்கொண்டார்கள். 1648 ஜனவரியில் மன்ஸ்டர் நகரில் ஸ்பெயினோடும் டச்சுக்காரர்களுக்கு உடன்படிக்கை ஆனது. எண்பதாண்டுப் போர் முடிந்தது. காகிதத்தில் எல்லாப் பக்கமும் அமைதி.

அப்படி அமைதி வந்த பிறகுதான் திருச்செந்தூருக்குச் சண்டை வந்தது.

சமாதானக் காலத்தில் கம்பெனி வியாபாரத்துக்கு இடம் பார்த்தது. 1645-ல் மதுரைத் திருமலை நாயக்கர் அனுமதியோடு காயல்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தார்கள். பக்கத்தில் தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுகீசியருக்கு அது பொறுக்குமா? உரசல் வந்தது. நாயக்கர் பக்கமிருந்தும் டச்சுக்காரர்களுக்கு ஆதரவு நிற்கவில்லை. ஒப்பந்தம் இருப்பதால் போர்ச்சுகீசியரை நேரடியாக அடிக்க முடியாது. நாயக்கரோடு அப்படி ஒப்பந்தம் எதுவும் தடுக்கவில்லை. 1648-49-ல் டச்சுப் படை கடல் வழியாக வந்து, முருகன் கோயிலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

ஏன் கோயில்? கடற்கரையில் நின்று பார்த்தால் எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. அலை அடிக்கிற தூரத்தில், உயரமான கல்மதிலோடு, கப்பலிலிருந்தே தெரிகிற கட்டடம். கட்டாமல் கிடைத்த கோட்டை! அதோடு நாயக்கரை வழிக்குக் கொண்டுவர இதைவிட வலிக்கிற இடம் இந்தக் கரையில் வேறு எது? காலி செய்யப் பணம் கேட்டார்கள். போகும்போது விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மீதிக் கதையை எங்கள் ஆச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சண்முகரையும் நடராஜரையும் உருக்கப் பார்த்தார்களாம், முடியவில்லை. கப்பலில் ஏற்றினார்கள், புயல் பிடித்துக்கொண்டது. பயந்துபோய்க் கடலில் போட்டுவிட்டார்கள். நாயக்கரின் பிரதிநிதியாகத் திருநெல்வேலியில் இருந்த வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கிற இடத்தில், மேலே கருடன் வட்டமிடும், அங்கே தேடு என்றார். தேடினார்கள், கிடைத்தது. கோயில் மரபு இதை 1653 என்று சொல்கிறது. பிள்ளை பெயரில் ஊரில் மண்டபம் உண்டு. ஆச்சி கதையில் வில்லன் எப்பவும் வெறும் 'வெள்ளைக்காரன்'தான். நான் ரொம்ப நாள் இங்கிலீஷ்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எலுமிச்சையையும் கருடனையும் நம்புகிறவர்கள் நம்பட்டும், நான் வாதாட வரவில்லை. ஆனால் கதையில் யாரும் பெயர் சொல்லாத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். கடலடியில் கிடக்கிற பஞ்சலோக விக்கிரகத்தை யாராவது மூச்சடக்கி இறங்கித்தானே கயிறு கட்டியிருக்க வேண்டும்? தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிய முத்துக்குளிப்போர் இருந்த கரை இது. அவர்களில் பலர் அப்போது அந்தோணியாரையும் மாதாவையும் கும்பிட்டவர்கள். மூழ்கி எடுத்தவர்கள் அவர்களாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருக்கும் வே, வேற யாரு இறங்குவா?" என்றான்.

சமாதானம் 1652-ல் முறிந்தது. 1656-ல் கொழும்பு, 1658-ல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர்களிடம் போயின. நடுவில் சில தடவை கைமாறினாலும், தூத்துக்குடியை அவர்கள் ஒரேயடியாக ஆங்கிலேயரிடம் கொடுத்தது 1825-ல். ஆச்சி சொன்ன வெள்ளைக்காரன் அதற்கப்புறம்தான் முழுசாக வந்தான்.